கைபேசிக்குள் வரும் அபேட்சகர்

தேர்தல் வந்துவிட்டால் முன்பெல்லாம் அபேட்சகர் தெருவுக்கு வருவார். ஜீப்பில் நின்று கும்பிடுவார். ஒலிபெருக்கி அலறும். சுவரெல்லாம் சின்னம் ஏறும். இன்று அவர் முதலில் வந்து நிற்பது நம் கைபேசிக்குள். முகநூலில் காலை வணக்கம், யூடியூபில் வாக்குறுதி, வாட்ஸ்அப்பில் எதிரியைப் பற்றிய வசை! "இடைத்தரகர் இல்லாமல் மக்களோடு நேராகப் பேசுகிறோம், இதுவே புதிய ஜனநாயகம்" என்று தம்பட்டமும் அடிக்கிறார்கள்.

இடைத்தரகர் இல்லையா? முகநூல், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் மெட்டா என்ற ஒரே அமெரிக்கக் கம்பெனியின் சொத்து. யூடியூப், கூகுளின் சொத்து. யார் பேச்சு யார் கண்ணில் பட வேண்டும் என்பதை இந்த ஏகபோகக் கம்பெனிகளின் கம்ப்யூட்டர்களே தீர்மானிக்கின்றன. காசு கொடுத்தால் பேச்சு தூரம் போகும். இன்ன வயதினர், இன்ன ஊரார், இன்னதை விரும்புகிறவர் என்று பொறுக்கி எடுத்து, அவர்களுக்கு மட்டும் காட்டவும் முடியும்.

இதில்தான் விஷமம் இருக்கிறது. பொதுக்கூட்ட மேடையில் பேசினால் ஊரே கேட்கிறது. மில் தொழிலாளிக்கு ஒன்று, மில் முதலாளிக்கு வேறொன்று என்று பேசினால் மறுநாளே குட்டு உடைந்துவிடும். கைபேசி விளம்பரமோ ஆளுக்கொரு விதமாக வரும். என் வீட்டில் வந்தது அடுத்த வீட்டாருக்குத் தெரியாது. கேட்காத பொய்க்கு யார் பதில் சொல்வது?

மக்களின் அந்தரங்கம் எப்படிச் சரக்காகிறது என்பதை 2018-ல் உலகமே பார்த்தது. 2016 அமெரிக்கத் தேர்தலில் டிரம்ப்பின் பிரசாரத்துக்கு வேலை செய்த கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற கம்பெனியிடம், 8 கோடியே 70 லட்சம் பேர் வரையிலானவர்களின் விவரங்கள் முறைகேடாகப் போயிருக்கலாம் என்று முகநூல் நிறுவனமே ஒப்புக்கொண்டது. 2019-ல் அதற்கு 500 கோடி டாலர் அபராதம் விதித்தார்கள். கட்டினார்கள், கடையை மூடவில்லை.

நம் தமிழ்நாட்டுக்கு வருவோம். 2018-ல் மறைந்த கருணாநிதி, 2024 ஜனவரியில் ஒரு புத்தக வெளியீட்டு விழாத் திரையில் தோன்றிப் பேசினார். 2016-ல் மறைந்த ஜெயலலிதாவின் குரல், பிப்ரவரியில் அவர் பிறந்த நாளன்று ஒலித்தது. இரண்டும் செயற்கை நுண்ணறிவின் வேலை. சொந்தக் கட்சியினர் வெளிப்படையாகச் செய்தார்கள், சரி. உயிரோடு இருக்கும் எதிரியின் வாயில் அவர் சொல்லாததைத் திணிக்கவும் இதே கருவி போதுமே! இத்தகைய பொய்ப் படங்களை, தெரியவந்த 3 மணி நேரத்துக்குள் கட்சிகள் நீக்க வேண்டும் என்று தேர்தல் கமிஷன் உத்தரவிட்டது 2024 மே 6-ல். தமிழ்நாடு வோட்டுப் போட்டு முடித்தது ஏப்ரல் 19-ல்!

விதிகளே இல்லையா? இருக்கின்றன. சமூக ஊடகக் கணக்குகளை அபேட்சகர் மனுவிலேயே தெரிவிக்க வேண்டும். விளம்பரத்துக்கு முன் அனுமதி பெற வேண்டும். செலவைக் கணக்கில் காட்ட வேண்டும் என்று 2013-லேயே கமிஷன் சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் மக்களவை அபேட்சகருக்கு 95 லட்சம் ரூபாய், சட்டமன்ற அபேட்சகருக்கு 40 லட்சம் ரூபாய் என்று 2022-ல் உச்சவரம்பும் வைத்தார்கள். ஆனால் கட்சி செய்யும் செலவுக்கு வரம்பே கிடையாது. ஆக, முன்வாசலில் பூட்டு, பின்வாசல் திறப்பு.

அதற்கும் அப்பால் "ஆதரவாளர்கள்" பெயரில் ஊர் பேர் தெரியாத பக்கங்கள் நடக்கின்றன. அபேட்சகரின் எழுத்துபூர்வமான அனுமதியின்றி அவருக்காக விளம்பரச் செலவு செய்வது குற்றம். தண்டனை என்ன? பழைய சட்டத்தில் 500 ரூபாய் வரை அபராதம். 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 10,000 ரூபாய் வரை. லட்சக்கணக்கில் கொட்டுகிறவனுக்கு இது வெற்றிலை பாக்குச் செலவு!

"ஏழை அபேட்சகருக்கும் இது மலிவான மேடைதானே?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பெரும் பத்திரிகைகள் மூடி மறைக்கும் வேலைநிறுத்தத்தை ஒரு தொழிலாளியின் கைபேசி ஊரறியச் செய்கிறது. அந்த ஆயுதத்தை நாம் கீழே போட வேண்டியதில்லை. ஆனால் மேடைக்குச் சொந்தக்காரன் காசு கொடுத்தவனைத் தூக்கி நிறுத்தும்போது, மற்றவன் குரல் கூட்டத்துக்கு எட்டாது என்பதையும் மறக்கக் கூடாது.

எனவே, கட்சிகளின் தேர்தல் செலவுக்கும் உச்சவரம்பு வேண்டும். ஒவ்வொரு விளம்பரத்துக்கும் பணம் கொடுத்தவர் யார், எவ்வளவு, யாருக்குக் காட்டப்பட்டது என்பதைத் தொகுதிவாரியாகத் தமிழில் பகிரங்கப்படுத்த வேண்டும். பினாமிப் பக்கங்களின் செலவை, விசாரித்து, ஆதாயம் அடைந்த கட்சியின் கணக்கில் ஏற்ற வேண்டும்.

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கைபேசியில் வந்ததை நாலு பேர் கூடும் டீக்கடையில், யூனியன் ஆபீசில் எடுத்துக் காட்டுங்கள்; உங்களுக்கு வந்தது என்ன, எனக்கு வந்தது என்ன என்று ஒப்பிட்டுப் பாருங்கள். தனித்தனியே காதில் ஓதியது சபைக்கு வந்தால் பாதி மாயம் கலைந்துவிடும். கூலி என்ன, ரேஷன் என்ன, வேலை என்ன என்று அபேட்சகரைத் தெருவுக்கு அழைத்துக் கேளுங்கள். திரையில் கும்பிட்ட கை, நேரில் வந்து பதில் சொல்லட்டும்!