வாடகை வாங்கினால் விரிப்பும் தர வேண்டாமா?

தாதர் ஸ்டேஷனைச் சுற்றிக் கிழக்கிலும் மேற்கிலும் எத்தனையோ லாட்ஜுகள் இருக்கின்றன. மத்திய ரயில்வேயும் மேற்கு ரயில்வேயும் சந்திக்கும் இடம் தாதர். புதுச்சேரிக்கும் திருநெல்வேலிக்கும் செல்லும் சாளுக்யா எக்ஸ்பிரஸ் புறப்படுவது இங்கிருந்துதான். 1941ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட டாடா நினைவு மருத்துவமனையும் பக்கத்தில் பரேலில் இருக்கிறது. ஆகவே வெளியூரிலிருந்து மும்பைக்கு வருகிறவர்களில் பலர் முதலில் தலை சாய்க்கும் இடம் தாதராக இருப்பதில் வியப்பில்லை.

இந்த லாட்ஜுகளுக்கும் மும்பைத் தமிழருக்கும் நெருங்கிய உறவு உண்டு. தாராவியிலோ, மாட்டுங்கா லேபர் கேம்பிலோ, செம்பூரிலோ குடியிருக்கும் உழைப்பாளிக் குடும்பத்துக்குப் பெரும்பாலும் ஒரே அறைதான் வீடு. அதிலேயே சமையல், அதிலேயே படுக்கை, அதிலேயே பிள்ளைகளின் படிப்பு. பெண் பார்க்கவோ, நிச்சயம் செய்யவோ ஊரிலிருந்து ஐந்தாறு பேர் வந்துவிட்டால் அவர்களை எங்கே படுக்க வைப்பது? சம்பந்தி வீட்டாரைச் சந்தில் பாய் போட்டுப் படுக்கச் சொல்ல முடியுமா? இரண்டு நாளைக்குத் தாதரில் ஓர் அறை எடுத்துக் கொடுப்பதுதான் வழி. அதற்காக மாதச் சம்பளத்தில் ஒரு பகுதி போய்விடுகிறது.

இப்படிப் பணம் கட்டி அறைக்குள் போனபிறகுதான் சில இடங்களில் விஷயம் தெரிகிறது. கட்டில் இருக்கிறது. மெத்தையும் இருக்கிறது. மெத்தைமேல் விரிப்பு இல்லை. கேட்டால், "அதற்குத் தனிச் சார்ஜ்" என்கிறார்கள். துண்டுக்குத் தனிக் காசு. சோப்பு கீழே கடையில் வாங்கிக்கொள்ள வேண்டியது. விரிப்பு இருக்கும் இடங்களிலும், முன்னால் வந்தவர் படுத்து எழுந்த அதே விரிப்பை உதறிப் போட்டுவிடும் வழக்கம் உண்டு. எல்லா லாட்ஜுகளும் இப்படி என்று சொல்ல முடியாது. குறைந்த வாடகையிலும் வெள்ளை வெளேரென்று விரித்து வைக்கும் நல்ல விடுதிகள் இருக்கின்றன. அவை இருப்பதால்தான் மற்றவற்றைக் கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது.

விடுதி நடத்துகிறவர் விரிப்பும் துண்டும் சோப்பும் தரக் கடமைப்பட்டவரா? லாட்ஜுக்கு மட்டுமல்ல, நாள் வாடகைக்கு ஃபிளாட் விடுகிறவர்களுக்கும், கொடைக்கானலிலும் குற்றாலத்திலும் வேளாங்கண்ணியிலும் சீசன் நாளில் வீடு விடுகிறவர்களுக்கும் இந்தக் கேள்வி பொருந்தும்.

அந்தக் காலத்து வழக்கம்

ஒரு காலத்தில் இந்தக் கேள்விக்கே இடம் இருக்கவில்லை. "பெட்டி படுக்கையுடன் வந்து இறங்கினார்" என்று தமிழில் சொல்வது வெறும் பேச்சல்ல. பிரயாணம் என்றால் படுக்கையையும் சுருட்டிக் கட்டிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். ஹோல்டாலைத் தோளில் மாட்டிக்கொண்டு மும்பை வந்து இறங்கிய தலைமுறை இன்னும் இருக்கிறது. சத்திரம் என்பது கூரையும் கிணறும் திண்ணையும் கொடுத்தது. பாயும் போர்வையும் வருகிறவர் பாடு.

வெள்ளையர் ஆட்சியில் 1867ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சராய்ச் சட்டம் அந்தக் காலத்தைக் காட்டும் கண்ணாடி. வழிப்போக்கர் தங்கும் இடத்தைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும், காவலுக்கு ஆள் போட வேண்டும், கதவும் மதிலும் சரியாக இருக்க வேண்டும் என்றெல்லாம் அது சொன்னது. விரிப்பைப் பற்றிப் பேச்சில்லை. ஆனால் இன்னொன்று சொன்னது. கட்டணப் பட்டியலை, மாவட்ட நீதிபதி சொல்லும் இடத்தில், சொல்லும் மொழிகளில் எழுதி வைக்க வேண்டும் என்றது. வருகிறவன் எதற்கு எவ்வளவு கொடுக்கிறான் என்பது அவனுக்கு முன்கூட்டியே, அவனுக்குப் புரியும் மொழியில் தெரிய வேண்டும் என்ற நியாயம் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்டது.

ரயிலைப் பாருங்கள்

வழக்கம் எப்படி மாறியது என்பதற்கு ரயிலே சாட்சி. ஏ.சி. பெட்டியில் ஏறினால் விரிப்பும் தலையணையும் கம்பளியும் டிக்கெட் விலைக்குள் வந்துவிடுகின்றன. 2006ஆம் ஆண்டு ஓடத் தொடங்கிய கரீப் ரத் ரயில்களில் கட்டணம் குறைவு என்பதால் படுக்கைக்கு மட்டும் தனியாக 25 ரூபாய் வைத்தார்கள். கொரோனா பரவிய 2020ஆம் ஆண்டு மார்ச்சில் ஏ.சி. பெட்டிகளில் விரிப்பு நிறுத்தப்பட்டது. 2022 மார்ச்சில் அதை மீண்டும் தர உத்தரவு வந்தது. இடைப்பட்ட இரண்டு ஆண்டும் பயணிகள் பழையபடி வீட்டிலிருந்து போர்வை சுமந்தார்கள்.

ஸ்லீப்பர் பெட்டியில் போகும் ஏழைப் பயணிக்கு இந்த வசதி கிடையாது. 2025ஆம் ஆண்டு நவம்பரில் தெற்கு ரயில்வேயின் சென்னைக் கோட்டம் ஒரு திட்டத்தை அறிவித்தது. 2026 ஜனவரி 1 முதல் குறிப்பிட்ட சில ரயில்களின் ஸ்லீப்பர் பெட்டிகளில் விரிப்பு 20 ரூபாய்க்கும், உறையுடன் தலையணை 30 ரூபாய்க்கும், இரண்டும் சேர்த்து 50 ரூபாய்க்கும் தரப்படும் என்பதே அது. வேண்டியவர் வாங்கலாம், வேண்டாதவர் விடலாம். விலை இன்னது என்று முன்னாலேயே தெரியும்.

இதிலிருந்து ஒரு நியாயம் கிடைக்கிறது. விரிப்பு ஒன்று வாடகைக்குள் அடங்க வேண்டும், அல்லது அதன் விலை முன்கூட்டியே சொல்லப்பட வேண்டும். பணத்தை வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டு, பெட்டியும் சட்டியுமாக அறைக்கு ஏறியவரிடம் பிறகு விலை சொல்வது வியாபாரம் ஆகாது.

கொடுப்பது மட்டும் போதாது, துவைத்துக் கொடுக்க வேண்டும் என்பதற்கும் ரயிலே பாடம். கம்பளிகள் மாதம் ஒரு முறையாவது துவைக்கப்படுகின்றன என்று 2024 நவம்பரில் ரயில்வே அமைச்சர் நாடாளுமன்றத்தில் பதில் சொன்னார். மாதத்துக்கு ஒரு முறையா என்று நாடே முகம் சுளித்தது. லாட்ஜ் கட்டிலில் கிடக்கும் போர்வையைப் பற்றி அப்படி யாரும் கேள்வி கேட்பதில்லை. பதில் சொல்லவும் ஆளில்லை.

செலவு எவ்வளவு?

"கட்டுப்படியாகாது" என்பது விடுதிக்காரர் சொல்லும் முதல் பதில். கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

ஒரு கட்டிலுக்கு மூன்று செட் வேண்டும். ஒன்று கட்டிலில், ஒன்று சலவையில், ஒன்று அலமாரியில். ஒரு விரிப்பும் தலையணை உறையும் சேர்ந்து 400 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மூன்று செட்டுக்கு 1,200 ரூபாய். ஒவ்வொன்றும் 100 சலவை தாங்கும் என்றால் 300 தடவை விரிக்கலாம். ஒரு தடவைக்கு 4 ரூபாய். சலவைக் கூலி 30 ரூபாய் போட்டாலும் மொத்தம் 34 ரூபாய்தான். துண்டையும் சேர்த்தால் 50 ரூபாய்க்குள் வரும். ஆயிரம் ரூபாய் வாடகை வாங்கும் அறைக்கு இது தாங்க முடியாத பாரமா? தனிச் சார்ஜ் போடும் இடங்களில் இதைவிட அதிகம் வாங்குகிறார்களா இல்லையா என்பது தங்கியவர்களுக்குத் தெரியும்.

சரக்குக்கும் பஞ்சமில்லை. சென்னைக்கும் மும்பைக்கும் இடையே ஓடும் ரயில்கள் கடந்து வரும் சோலாப்பூர், போர்வைக்கும் துவாலைக்கும் பேர் போன ஊர். தமிழ்நாட்டில் கரூர் தறிகளில் நெய்த விரிப்புகள் கப்பலேறி வெளிநாடுகளுக்குப் போகின்றன. அந்தக் கரூர்க்காரரே மும்பைக்கு வந்தால் வெறும் மெத்தையில் தன் வேட்டியை விரித்துப் படுக்க வேண்டுமா? சலவைக்கு ஊர் தேட வேண்டியதும் இல்லை. ரயிலில் சில நிமிடத் தூரத்தில் மகாலட்சுமி தோபி காட் இருக்கிறது. அங்கே துவைப்பதில் பெரும்பகுதி விடுதிகளும் மருத்துவமனைகளும் அனுப்பும் துணிதான். வெளுக்கப் போடும் ஒவ்வொரு விரிப்பும் ஓர் உழைப்பாளியின் கூலி.

"துண்டு திருட்டுப் போகிறது" என்பது அடுத்த பதில். அதில் உண்மை இல்லாமல் இல்லை. துண்டைப் பெட்டியில் சுருட்டி வைக்கிறவர்களும், விரிப்பில் வெற்றிலைக் கறை ஆக்குகிறவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். அதற்கு டெபாசிட் வாங்கலாம். அறையைக் காலி செய்யும்போது சரிபார்த்துத் திருப்பிக் கொடுக்கலாம். ஒருவர் செய்த குற்றத்துக்கு ஒன்பது பேரை வெறும் மெத்தையில் படுக்க வைப்பது முறையல்ல.

"பலருக்குச் சொந்தப் போர்வையில் படுத்தால்தான் தூக்கம் வருகிறது" என்றும் சொல்வார்கள். வரட்டுமே! அவர் தன் போர்வையை விரித்துக்கொள்வதை யார் தடுத்தது? தருகிறவர் தரட்டும். வேண்டாம் என்பவர் மடித்து ஓரமாக வைக்கட்டும்.

சோப்பும் ஷாம்பும் ஒன்றா?

எல்லாவற்றையும் இலவசமாகக் கேட்பதும் நியாயமல்ல. விரிப்பு, தலையணை உறை, துண்டு ஆகிய மூன்றும் வாடகைக்குள் வர வேண்டியவை. அவை இல்லாமல் கட்டில் வெறும் பலகைதான். நல்ல நீரும், வாளியும் குவளையும், கைகழுவ ஒரு சோப்பும் இவற்றோடு சேரும். பல் துலக்கும் பிரஷ், சீப்பு, சவரக் கத்தி, ஷாம்பு ஆகியவை அவரவர் பொருள். அவற்றைக் கொண்டுவருவது தங்குகிறவர் பொறுப்பு.

பணக்கார விடுதிகளே இப்போது அந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன. சீனாவின் ஷாங்காய் நகரில் 2019 ஜூலை முதல் பிரஷ், சீப்பு போன்றவற்றைக் கேட்காமல் தரக் கூடாது என்று விதி வந்தது. தென் கொரியாவில் 2024 மார்ச் முதல் 50 அறைகளோ அதற்கு மேலோ உள்ள விடுதிகள் ஒரு முறை உபயோகித்து எறியும் இந்தச் சாமான்களை இலவசமாகத் தர முடியாது. அமெரிக்காவின் கலிபோர்னியாவும் சின்னஞ்சிறு பிளாஸ்டிக் பாட்டில்களைத் தடுத்துச் சட்டம் போட்டது. குப்பை பெருகுகிறது என்பதே காரணம். கவனிக்க வேண்டியது, இந்தச் சட்டங்களில் எதுவும் கட்டிலிலிருந்து விரிப்பை எடுக்கச் சொல்லவில்லை.

நமது நாட்டிலும், வீட்டில் அறை ஒதுக்கிப் பயணிகளைத் தங்க வைப்போருக்காக மத்திய சுற்றுலா அமைச்சகம் வகுத்த திட்டத்தில் நல்ல விரிப்பும் படுக்கையும் கேட்கப்படுகின்றன. ஆனால் அந்தச் சான்றிதழ் நாடாத லாட்ஜுகளே ஏழைகள் தங்கும் லாட்ஜுகள். வசதி உள்ளவனைக் காக்க விதி இருக்கிறது. வசதி இல்லாதவன் விடுதிக்காரரின் நல்ல மனசை நம்பியிருக்கிறான். அவனும் வரி கட்டாமல் இல்லை. ஆயிரம் ரூபாய்க்குக் குறைந்த அறைகளுக்கு இருந்த ஜி.எஸ்.டி. விலக்கு 2022 ஜூலை 18ஆம் தேதியோடு போய்விட்டது. முதலில் 12 சதவீதமாக இருந்த வரி 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாகக் குறைந்தாலும், வரி வரிதான்.

கேட்கத் தயங்குகிறவர்கள்

இதில் அதிகம் நஷ்டப்படுகிறவர் யார்? இந்தியோ மராத்தியோ தெரியாமல் முதல் முறையாக மும்பைக்கு வந்தவர். நோயாளியைக் கூட்டிக்கொண்டு வந்தவர். குழந்தையோடு வந்த தாய். இவர்களால் கவுண்டரில் நின்று வாதாட முடியாது. கிடைத்ததில் படுத்து எழுந்து போகிறார்கள். ஊருக்குப் போனபின் உடம்பெல்லாம் அரிப்பு என்றால் யாரிடம் சொல்வது? துவைக்காத துணியில் மூட்டைப்பூச்சியும் சிரங்கும் ஆள் விட்டு ஆள் பரவும். சிகிச்சைக்காக வந்து உடல் தளர்ந்திருப்பவருக்கு அழுக்கு விரிப்பு சாதாரண விஷயமல்ல.

"கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்பது தமிழன் வீட்டுப் பழமொழி. பழைய விரிப்பாக இருக்கலாம், ஒட்டுப் போட்டதாகக்கூட இருக்கலாம். துவைத்ததாக இருக்க வேண்டும். இதே தாதரில்தான் காட்கே மகராஜ் பெயரால் ஒரு தர்மசாலை, டாடா மருத்துவமனைக்கு வரும் ஏழை நோயாளிகளுக்கு நிழல் தந்து வருகிறது. அந்த மகான் (1876-1956) சலவைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர். கையில் துடைப்பத்தோடு ஊர் ஊராகப் போய்த் தெருவைப் பெருக்கியவர். மராட்டிய அரசு கிராமத் துப்புரவு இயக்கத்துக்கு அவர் பெயரையே வைத்தது. அவர் பெயர் விளங்கும் இடத்தில், வாடகை வாங்கும் விடுதிக்காரர் அழுக்கு விரிப்பைப் போட வெட்கப்பட வேண்டாமா?

செய்ய வேண்டியது

விடுதிக்காரர்கள் கவுண்டர் அருகே ஒரு பலகை வைக்க வேண்டும். வாடகை எவ்வளவு, அதற்குள் என்னென்ன அடங்கும், தனிக் கட்டணம் எதற்கு எவ்வளவு என்பதை மராத்தி, இந்தி, ஆங்கிலத்தில் எழுத வேண்டும். தமிழர் மிகுதியாக வரும் இடங்களில் தமிழிலும் எழுதினால் பெயின்ட் செலவு கூடிவிடாது. ஒரு ஹாலில் பல கட்டில் போட்டுக் குறைந்த காசுக்கு விடுகிறவர்கள் விரிப்புக்குத் தனிக் காசு வாங்குவதில் தவறில்லை. அதைப் பலகையில் சொல்லிவிட்டால் போதும். ஆள் மாறினால் விரிப்பு மாற வேண்டும் என்பதில் மட்டும் எந்த விடுதிக்கும் விலக்கு கிடையாது.

ஊரில் சீசனுக்கு வீடு விடும் தமிழர்களும், செம்பூரில் நாள் வாடகைக்கு ஃபிளாட் விடுகிறவர்களும் இந்தக் கட்டுப்பாட்டுக்குப் புறம்பானவர்கள் அல்லர். தாதரில் வாடகைக்காரராக நின்று குறை சொல்லிவிட்டு, குற்றாலத்தில் வீட்டுக்காரராக மாறியதும் அதையே செய்வது எந்த ஊர் நியாயம்?

உறவினருக்கு அறை எடுத்துக் கொடுக்கும் மும்பைத் தமிழர்கள் பணம் கட்டுமுன் மூன்று கேள்வி கேட்க வேண்டும். விரிப்பும் துண்டும் வாடகைக்குள் உண்டா? இன்று மாற்றியதா? அறையைப் பார்க்கலாமா? பார்த்தபின் பணம் கட்டினால் பாதித் தொல்லை தீர்ந்தது. சொன்னபடி தராவிட்டால் ரசீதை வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் போன் செய்யலாம். அதில் தமிழிலும் முறையிடலாம். கூச்சம் வேண்டாம். கேட்பது பிச்சையல்ல, கொடுத்த காசுக்கு உரிய பொருள்.

இரண்டு நாள் ரயிலில் வந்து இறங்கிய ஒருவருக்கு, துவைத்த விரிப்பைவிடப் பெரிய வரவேற்பு வேண்டியதில்லை. அதைத் தர முடியாதவர், அறை வாடகைக்கு விடப்படும் என்ற போர்டை மாட்டாமல் இருப்பதே மேல்.