கார் இன்ஜினுக்கு செராமிக் பூச்சு: திசையன்விளை மணலுக்கு என்ன சம்பந்தம்?

கார் பிஸ்டனின் தலையில் செராமிக் பூச்சு அடித்தால் மைலேஜ் எகிறும் என்கிறார்கள். நிஜமா?

பூச்சில் பேர் போன பொருள் சிர்கோனியா. உருகுநிலை சுமார் 2,700 டிகிரி செல்சியஸ். அலுமினியமோ 660 டிகிரியிலேயே உருகிவிடும். விமான இன்ஜின் டர்பைன் பிளேடுகளைக் காப்பதும் இதே சிர்கோனியாதான். ஆனால் சூட்டில் அலுமினியம் அதிகம் விரியும், செராமிக் குறைவாக விரியும். நடுவே ஒட்டுப்பூச்சு சரியில்லை என்றால் உரிந்துவிடும். தடுத்த சூட்டில் பெரும்பகுதி புகையோடு வெளியே போய்விடும். பெட்ரோல் இன்ஜினில் 'நாக்கிங்' வரவும் வாய்ப்புண்டு. ரேஸ் காருக்கு சரி, ஆபீஸ் போகிற காருக்கு பெரிய லாபமில்லை.

சிர்கோனியா கிடைப்பது சிர்கான் தாதுவில் இருந்து. திசையன்விளையை ஒட்டிய உவரி கடற்கரை மணலில் கார்னெட், இல்மனைட்டோடு சிர்கானும் இருக்கிறது. கூடவே தோரியம் கொண்ட மோனசைட்டும். சிக்கல் அங்கேதான். தாது மணல் அள்ள 2013-ல் தமிழக அரசு தடை போட்டது. முறைகேடு குறித்து சிபிஐ விசாரிக்க 2025 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 5,832 கோடி ரூபாய் வசூலிக்கும் நடவடிக்கையையும் ஏற்றது.

இப்போதைக்கு, பக்கத்து மாவட்டமான கன்னியாகுமரியில் மணவாளக்குறிச்சியில் உள்ள மத்திய அரசு ஆலைதான் மணலில் இருந்து சிர்கானைப் பிரிக்கிறது.