பிள்ளைகள் விலை சொல்லிப் பழகட்டும்

வைகாசி விசாகத்தன்று பால்குடக் கூட்டத்தால் திருப்பரங்குன்றம் சன்னதித் தெரு நிரம்பி வழியும். அந்தக் கூட்டத்தையும் வெயிலையும் பார்த்துவிட்டு எட்டாவது படிக்கிற பிள்ளை வீட்டுக்குள் ஓடிவந்து கேட்கிறது: “அம்மா, நம்ம வாசல்ல பானை வச்சு சர்பத் விக்கட்டுமா?” நம் பதில் தயாராக இருக்கிறது. “ஏன், சோத்துக்கு இல்லாமலா இருக்கோம்? தெரிஞ்சவங்க பாத்தா என்ன நினைப்பாங்க? போய்ப் படி.” அதே கையோடு தெருமுனை நீர்மோர்ப் பந்தலுக்கு நன்கொடையும் எழுதுகிறோம். சும்மா கொடுத்தால் புண்ணியம், காசுக்குக் கொடுத்தால் கேவலம் என்று பிள்ளை புரிந்துகொள்கிறது.

அந்தப் பிள்ளை காசுக்கா ஆசைப்பட்டது? கூட்டத்தையும் தாகத்தையும் சேர்த்துப் பார்த்தது. எலுமிச்சம்பழம் என்ன விலை, ஒரு கிளாஸுக்கு எவ்வளவு சர்க்கரை, மீந்தால் என்ன செய்வது என்பதெல்லாம் கணக்குப் பாடம் இல்லையா?

ஒன்றை மட்டும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுப் பூக்கூடையோடு பஸ் ஸ்டாண்டில் நிற்கிற குழந்தையை நான் சொல்லவில்லை. அது வறுமை. அதற்குத் தொழில்முனைவு என்று பெயர் சூட்டுவது அநியாயம்.

வசதியுள்ள நம் வீடுகளில் நடப்பது வேறு கூத்து. பள்ளியில் நாளைக்குச் சந்தை. ராத்திரி பதினொரு மணிக்கு அம்மா சுண்டல் தாளிக்கிறார், அப்பா ஃப்ளெக்ஸ் அடித்துக்கொண்டு வருகிறார். கடைக்காரப் பிள்ளை தூங்குகிறது. மறுநாள் எல்லாவற்றையும் வாங்கித் தீர்ப்பதும் நாம்தான். ‘லாபம் முந்நூறு ரூபாய்’ என்று வாட்ஸ்அப்பில் போடுகிறோம். கடலை, எண்ணெய், கேஸ் எதையும் கழிக்காத லாபம் அது! போதாததற்கு, கோடை விடுமுறையில் ‘இளம் தொழிலதிபர்’ வகுப்பு. பீஸ் கட்டி, சர்டிபிகேட் வாங்கி, ஃப்ரேம் போட்டு மாட்டுகிறோம். வாசலில் சும்மா கிடைத்திருக்கக்கூடியதை ஏசி அறையில் காசு கொடுத்து வாங்குகிறோமா, இல்லையா?

நம் ஊரிலேயே தியாகராசர் பொறியியல் கல்லூரி இருக்கிறது. 1957இல் அதைத் தொடங்கிய கருமுத்து தியாகராசர், மில் நடத்தியவர். ஒரு தொழிலதிபர் கட்டிய கல்லூரியில் பிள்ளையைச் சேர்க்கப் போகும்போது நம் முதல் கேள்வி, “பிளேஸ்மென்ட் எப்படி?” தப்பில்லை, கடன் வாங்கிப் படிக்கவைப்பவர்கள் கேட்கத்தான் வேண்டும். தொழில் தொடங்க நினைக்கிற மாணவனுக்கு இங்கே என்ன உதவி கிடைக்கும் என்பது ஏன் இரண்டாவது கேள்வியாகக்கூட வருவதில்லை?

டி.வி.எஸ். குழுமத்தின் நிறுவனர் டி.வி.சுந்தரம் அய்யங்காரை எடுத்துக்கொள்வோம். அவர் வக்கீலாக வேண்டும் என்பது அப்பாவின் விருப்பம். அவரோ ரயில்வேயிலும் வங்கியிலும் வேலை பார்த்துவிட்டு, அதையும் உதறி, 1911இல் சொந்த நிறுவனம் தொடங்கினார். அடுத்த வருடம் மதுரையில் அவருடைய பஸ் ஓடியது. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது, கரிவாயுவில் வண்டி ஓட்டும் கருவியையே அந்த நிறுவனம் செய்தது. இன்று டி.வி.எஸ்ஸில் பையனுக்கு வேலை கிடைத்தால் முருகனுக்கு மாலை சாத்துவோம். அதே பையன் பேங்க் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றால்?

பெண்ணுக்கு வரன் பார்க்கிற வீட்டிலும் இதுதான் கதை. “மாப்பிள்ளைக்குச் சொந்தத் தொழில்” என்று தரகர் வாய் திறந்ததும், “வேற ஜாதகம் இருக்கா?” என்கிறோம். பக்கத்து அறையில் பிளஸ் டூ படிக்கிற தம்பி இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். அவன் என்ன முடிவுக்கு வருவான்?

புதிதாகத் தொழில் தொடங்குவோருக்கான தமிழ்நாடு அரசின் நீட்ஸ் திட்டத்தில் 10 லட்சம் முதல் 5 கோடி ரூபாய் வரையிலான தொழில்களுக்கு 25 சதவீதம் வரை மானியம் உண்டு. பொதுப்பிரிவினர் கையிலிருந்து போட வேண்டியது 10 சதவீதம். மாவட்டத் தொழில் மையத்தில் போய் விசாரிக்கலாம். ஆனால் அந்தப் படிவத்தை நிரப்பப்போகிற பிள்ளை, அதற்குமுன் ஒருமுறையாவது யாரிடமாவது விலை சொல்லி, “வேண்டாம்” என்ற பதிலைக் கேட்டிருக்க வேண்டாமா? நாம்தான் அவனைக் காய்கறிக் கடைக்குக்கூடத் தனியாக அனுப்பவில்லையே.

கோச்சிங்குக்கு லட்சக்கணக்கில் கட்டி சீட் கிடைக்காவிட்டால், “பரவாயில்லப்பா, இன்னொரு வருஷம் எழுது” என்று தட்டிக்கொடுக்கிறோம். மெழுகுவத்தி செய்து விற்கிறேன் என்று ஐந்நூறு ரூபாயை விட்டுவிட்டால் மட்டும், அடுத்த தீபாவளி வரை வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறோம். அந்தச் சிரிப்பைக் கேட்ட பிள்ளை, அடுத்த யோசனையை நம்மிடம் ஏன் சொல்லும்?