பாக்கி வசூலும் நம் சங்கங்களின் கடமையும்

பாவு தறியில் ஏறிய நாள் முதல் சேலை அறுத்து இறக்கும் நாள் வரை எத்தனை நாட்கள் ஆகும் என்று நம் நெசவாளர் எவரைக் கேட்டாலும் தயங்காமல் சொல்லிவிடுவார். அந்தச் சேலைக்குரிய பணம் எத்தனை நாளில் கைக்கு வரும் என்று கேட்டால் விடை சொல்பவர் அரியர். "தீபாவளி போகட்டும்" என்பார் ஜவுளிக் கடைக்காரர். தீபாவளி போனபின் "பொங்கல் வரட்டும்" என்பார். மண்டியில் மஞ்சள் மூட்டையை இறக்கிவிட்டு வரும் விவசாயியின் கதையும் இதுவே. இதற்கிடையில் நூல் கடைக்கும் உரக் கடைக்கும் நாம் தரவேண்டிய பாக்கியின்மீது வட்டி ஒரு நாளும் ஓய்வெடுப்பதில்லை.

இந்நிலைக்குச் சட்டத்தில் பரிகாரமே இல்லை என்று எண்ணுவது தவறு. பரிகாரம் உண்டு, அதைக் கேட்டுப் பெறுவோர்தாம் இல்லை. காரணம் அறியாமை மட்டுமன்று, அச்சமும் ஆகும். அறியாமையை ஒரு கட்டுரையால் ஓரளவு போக்கலாம். அச்சத்தைப் போக்குவது சங்கத்தின் வேலை என்பது என் கருத்து.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 2006ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம், குறுந்தொழில் அல்லது சிறுதொழில் நடத்துவோரிடம் சரக்கு வாங்கியவர் எத்தனை நாளில் பணம் தரவேண்டும் என்பதை வரையறுத்துள்ளது. எழுத்து மூலமான ஒப்பந்தம் இருப்பின் அதில் கண்ட தேதிக்குள் தரவேண்டும். ஆனால் அந்தத் தவணை, சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாட்களைத் தாண்டலாகாது. ஒப்பந்தமே இல்லையெனில் 15 நாட்களே கெடு. தொண்ணூறு நாள் தவணை என்று வியாபாரி அச்சடித்துக் கொடுத்தாலும், அதில் நாம் கையெழுத்திட்டிருந்தாலும், 45 நாளுக்கு மேற்பட்ட பகுதி செல்லாது.

"ஏற்றுக்கொண்ட நாள்" என்ற சொல்லில் ஒரு நுட்பம் உண்டு. சரக்கில் குறை இருந்தால், அது வந்து சேர்ந்த 15 நாட்களுக்குள் வாங்கியவர் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அவ்வாறு தெரிவிக்காவிடில், சரக்கு வந்த நாளிலேயே ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படும். பணம் கேட்கப் போகும்போதுதான் "சாயம் போகிறது", "அகலம் குறைகிறது", "எடை இல்லை" என்ற சொற்கள் பிறப்பதை நாம் அறிவோம். இரண்டு மாதம் அலமாரியில் உறங்கிய சேலைக்கு மூன்றாம் மாதம் குறை கண்டுபிடிப்பதை இச்சட்டம் எளிதில் ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் சரக்கு என்று போய்ச் சேர்ந்தது என்பதை நாம் காட்ட வேண்டுமே! தேதியும் கையொப்பமும் உள்ள ஒப்புகைச் சீட்டு இல்லாமல் இந்தப் பாதுகாப்பு முழுவதும் வீணே.

கெடு தவறினால் வாங்கியவர் தரவேண்டிய வட்டி, ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு. அதுவும் மாதந்தோறும் அசலோடு சேர்த்துக் கணக்கிடும் கூட்டுவட்டி. வங்கி விகிதம் 6 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் வட்டி 18 விழுக்காடாகும். வழக்கைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோக வேண்டுவதில்லை. மாநில அரசு அமைத்துள்ள வசதிக் குழுவிடம் மனுச் செய்யலாம். குழு முதலில் சமரசம் செய்து பார்க்கும். முடியாவிடில் நடுவர் தீர்ப்புக்கு ஏற்பாடு செய்யும். அத்தீர்ப்பை எதிர்த்து வியாபாரி கோர்ட்டுக்குப் போக விரும்பினால், தீர்ப்புத் தொகையில் நூற்றுக்கு 75 பங்கை முன்னதாகக் கட்டியாக வேண்டும். வலியவன் வழக்கை இழுத்தடித்தே எளியவனைச் சலிப்படையச் செய்யும் வழக்கத்துக்கு இது நல்ல தடை.

இந்த உரிமைக்கு 'உத்யம்' பதிவு தேவை. அதற்குக் கட்டணம் ஏதுமில்லை. பணம் வாங்கிப் பதிந்து தருவதாகச் சொல்லும் தரகர்களை நம்பாதீர். சரக்கு அனுப்பிய பிறகு செய்துகொண்ட பதிவு, முன்பு அனுப்பிய சரக்குக்குப் பயன்படாது என்று உச்ச நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. அக்கருத்து சரிதானா என்ற கேள்வி 2025இல் பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டது. அந்த வாதம் வழக்கறிஞர்களுக்கு ஆகட்டும். நமக்கு, முதல் மூட்டை புறப்படுமுன் பதிவு செய்துகொள்வதே பத்திரம். இன்னொன்று: குறு, சிறு தொழிலோர் உற்பத்தி செய்த பொருளை விற்கும் கூட்டுறவுச் சங்கத்தையும் இச்சட்டம் 'சரக்களிப்பவர்' என்ற சொல்லில் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. இதைச் சங்க நிர்வாகிகள் கோடிட்டுப் படிக்க வேண்டும்.

விளைபொருளை விற்கும் விவசாயிக்கு மேற்சொன்ன 45 நாள் பாதுகாப்பு பொதுவாகக் கிட்டுவதில்லை. கரும்புக்கு மட்டும் 1966ஆம் ஆண்டின் கட்டுப்பாட்டு ஆணை 14 நாளில் பணம் என்றும், தாமதத்துக்கு ஆண்டுக்கு 15 விழுக்காடு வட்டி என்றும் விதித்தது. மற்றப் பயிர்க்காரருக்குப் பொதுச் சட்டமே துணை. ஆதலால் அடுத்துச் சொல்லும் செய்தி அவர்களுக்கு மிக முக்கியம்.

1963ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டப்படி, விற்ற சரக்கின் விலைக்கு வழக்குத் தொடர மூன்று ஆண்டுகளே உண்டு. தவணை குறிப்பிடாமல் விற்றிருந்தால் சரக்கைக் கொடுத்த நாளிலிருந்தும், தவணை இருந்தால் அது முடிந்த நாளிலிருந்தும் அந்த மூன்றாண்டு ஓடத் தொடங்கும். நாம் கடைசியாகப் போய்க் கேட்ட நாளிலிருந்து அன்று! மாதம் தவறாமல் நடையாய் நடந்தாலும், வக்கீல் நோட்டீசே அனுப்பினாலும், காலம் நிற்பதில்லை. காலம் முடியுமுன் கடன்பட்டவர் "இவ்வளவு பாக்கி உண்மை" என்று எழுதிக் கையெழுத்திட்டால், அந்நாள் முதல் புதிய மூன்றாண்டு பிறக்கும். பாக்கியில் ஒரு பகுதியைச் செலுத்தி அதனைத் தம் கையால் எழுதியோ கையெழுத்திட்டோ குறித்தாலும் அவ்வாறே. ஆண்டுக்கு ஒரு முறை, கணக்கு முடிக்கும்போது, ஒரு பாக்கி ஒப்புதல் சீட்டில் கையெழுத்து வாங்கிவிட்டால் போதும். "என் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறதே" என்று சிலர் சொல்வர். ஒழுங்காக எழுதிய கணக்கு ஒரு சாட்சியமே. ஆனால் அது ஒன்றை மட்டும் கொண்டு எதிரியின்மேல் பொறுப்பைச் சுமத்த முடியாது என்பது பழைய சாட்சியச் சட்டத்திலும் இருந்தது. 2024 ஜூலை முதல் நடப்புக்கு வந்த புதிய சட்டத்திலும் இருக்கிறது.

செக்கு திரும்பி வந்தால் நாட்கணக்கு இன்னும் கடுமை. வங்கியிலிருந்து செய்தி கிடைத்த 30 நாட்களுக்குள் எழுத்து மூலம் நோட்டீசு கொடுக்க வேண்டும். அது கிடைத்த 15 நாட்களுக்குள் பணம் தராவிடில், அதன்பின் ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட்டிடம் புகார் செய்ய வேண்டும். "அடுத்த வாரம் மறுபடி போடுங்கள்" என்ற இனிய சொல்லில் மயங்கி நாட்களை விட்டவர் பலர். செக்கின் ஆயுளே மூன்று மாதந்தான்.

இதே சட்டம் நம்மேலும் பாயும் என்பதை மறக்கலாகாது. நூல் கடனுக்கு ஈடாகத் தொகை எழுதாத செக்கில் கையெழுத்திட்டுக் கொடுப்பது நம் பக்கத்தில் சகஜம். 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டப்படி, முத்திரையிட்ட வெற்றுப் புரோநோட்டில் கையெழுத்திடுவது அதைப் பூர்த்தி செய்ய மற்றவருக்கு அதிகாரம் தருவதாகும். வெற்றுச் செக்கும் கையெழுத்திட்டவரைக் கட்டும் என்று உச்ச நீதிமன்றம் 2019இல் கூறியது. கடனே இல்லை என்று காட்டும் பாரம் கையெழுத்திட்டவருடையதே. தொகை எழுதாத தாளில் கையெழுத்திடாதீர் என்று மட்டும் சொல்வேன். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

சரி, இவ்வளவும் அறிந்த நெசவாளர் ஒருவர் கடைக்காரரிடம் போய், "ஐயா, இந்த ஒப்புகையில் தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள்" என்று கேட்பாரா? கேட்டால் அடுத்த மாதம் அவரிடம் கடைக்காரர் சரக்கெடுப்பாரா? இங்கேதான் சிக்கல். கெடுவுக்குள் பணம் தராத வியாபாரி, அத்தொகையை அவ்வாண்டுச் செலவாகக் காட்டி வருமான வரிச் சலுகை பெற முடியாது என்ற விதியை 2023ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் கொணர்ந்தது. நல்ல விதிதான். ஆனால் அதற்கு அஞ்சிச் சிலர் பதிவில்லாத உற்பத்தியாளரிடம் வாங்கத் தலைப்பட்டனர் என்ற முறையீடு மறு ஆண்டே எழுந்தது. தனித்தனியே நிற்பவருக்குச் சட்டம் கொடுக்கும் ஆயுதம் அவர் கையையே அறுக்கக்கூடும்.

ஒரே ஊரில் ஒருவர் கேட்டால் அவர் வம்புக்காரர். முந்நூறு பேரும் கேட்டால் அது அவ்வூர் வழக்கம். ஆகவே பட்டியலையும் ஒப்புகைச் சீட்டையும் சங்கமே ஒரே மாதிரியாக அச்சிட்டு, உறுப்பினர் எவர் சரக்குப் போனாலும் அதோடு அனுப்ப வேண்டும். கெடு நாட்களைக் குறிக்க ஒரு பதிவேடு வைத்து, நாள் தவறியதும் சங்கத்தின் பெயரில் கடிதம் போகவேண்டும். கையெழுத்துக் கேட்பது நெசவாளர் அல்லர், சங்கம் என்றாகிவிட்டால் கோபித்துக்கொள்ள வியாபாரிக்கு ஆள் அகப்படாது. வியாபாரிகள் பக்கத்து ஊருக்குப் போய்விடுவர் என்ற ஆட்சேபம் வரும். சிலர் போகக்கூடும். பக்கத்து ஊரிலும் சங்கம் இருக்கிறது. அதனோடு பேசுவதற்கு என்ன தடை?

இதைச் சொல்லும்போது சங்கங்களின் முகத்தையும் கண்ணாடியில் காட்ட வேண்டியிருக்கிறது. உறுப்பினர் கொண்டுவந்த சரக்குக்கு மாதக்கணக்கில் பணம் தராத சங்கங்களும், கடன் கொடுக்கும்போது வெற்றுப் புரோநோட்டில் கையெழுத்து வாங்கும் சங்கங்களும் உண்டு. அத்தகைய சங்கம் வியாபாரியிடம் எந்த வாயால் கெடுப் பேசும்? 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 90ஆம் பிரிவுப்படி, சங்கத் தொழிலைப் பற்றி உறுப்பினருக்கும் சங்கத்துக்கும் எழும் தாவாவைப் பதிவாளரிடம் கொண்டுபோகலாம். ஆனால் அவ்வளவு தூரம் உறுப்பினரை ஓடவிடுவது அழகன்று.

வரும் பேரவைக் கூட்டத்தில் இரண்டு தீர்மானங்களை முன்வைக்குமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன். வெளியே போகும் சரக்குக்குச் சங்கத்தின் பொதுப் பட்டியலும் நாட்கணக்குப் பதிவேடும் வைப்பது ஒன்று. உறுப்பினருக்குச் சங்கம் தரவேண்டிய பாக்கியை, பெயர்வாரியாகவும் தேதிவாரியாகவும், மாதந்தோறும் அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது மற்றொன்று. இரண்டாவதை முதலில் நிறைவேற்றினால் நலம்.