சாய்மனைக் கதிரையும் சைக்கிளும்

முதுமைக்கென்று நம்மவர் ஒதுக்கி வைத்திருக்கும் ஆசனம் சாய்மனைக் கதிரை. உத்தியோகத்திலிருந்து இளைப்பாறிய மறுநாளே அதனைத் தூசி தட்டி முன்விறாந்தையிற் கொண்டுவந்து போட்டு, "இனி ஆறுதலாக இருங்கள்" என்று பிள்ளைகள் சொல்லிவிடுகிறார்கள். அன்பினாற் சொல்லும் சொல்தான், அதில் ஐயமில்லை. ஆனால், அந்த ஆசனத்தை மறுத்துச் சைக்கிளின் ஆசனத்திலேறி ஊர் விட்டு ஊர் போக விரும்பும் ஒரு முதியவரை நாம் எவ்விதம் நோக்குகிறோம்? கிழவருக்கு அறளை பெயர்ந்துவிட்டது என்கிறோம். அவ்வாறு சொல்லப்பட்டவர்களுள் நானும் ஒருவன். எனக்கு வயது 69. ஆகவே, இவ்விடயத்தில் நடுநிலை வகிப்பவன்போல் நடிக்கப் போவதில்லை.

வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் இன்று எழுபதைத் தொட்டுக்கொண்டு வாழும் யாழ்ப்பாணத்தவர் யார் என்பதைச் சற்று எண்ணிப் பார்க்கவேண்டும். 1990ஆம் ஆண்டில் குடாநாட்டுக்கு எரிபொருள் செல்வது தடைப்பட்டபோது முப்பதைக் கடந்து நின்றவர்கள் அவர்கள். அக்காலத்தில் நோயாளியை வைத்தியசாலையிற் சேர்த்ததும் சைக்கிள். விறகு சுமந்ததும் சைக்கிள். 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் தென்மராட்சிக்குப் பெயர்ந்த இரவில், பாயும் பானையும் பாட்டியும் ஏறி வந்ததும் சைக்கிளில்தான். மின்சாரமற்ற நாட்களில் வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவிற் பிறந்த மின்னைக்கொண்டு வானொலியில் செய்தி கேட்டவர்களும் இவர்களே. நான் சாவகச்சேரியிலிருந்து யாழ்ப்பாணத்துக் கந்தோருக்கு நாள்தோறும் போய்வந்தவன். போக்கும் வரவுமாக இருபது மைல். அதனை அப்போது எவரும் சாதனை என்று சொன்னதில்லை. வேலைக்குப் போகிறான் என்றுதான் சொன்னார்கள்.

இத்தகையவர்கள் கொழும்புக்கு வந்ததும் முதலிற் பறிபோவது அந்த வண்டியே. நான் குடியிருக்கும் தொடர்மாடியில் மோட்டார்க் கார்களுக்கு இலக்கமிட்ட இடங்கள் உண்டு. சைக்கிளுக்கு ஒரு முழ இடமில்லை. லிஃப்டில் ஏற்றுதல் ஆகாது, படிக்கட்டின் கீழ் வைத்தலும் ஆகாது என்று நிர்வாகத்தார் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். ஆதலால், என் வண்டி கொட்டாஞ்சேனையில் நண்பர் ஒருவரின் வீட்டு நடையில் நிற்கிறது. ஞாயிறுதோறும் இருள் பிரியுமுன் வெள்ளவத்தையிற் பஸ் ஏறி, சைக்கிள் ஓட்டுவதற்காகக் கொட்டாஞ்சேனைக்குப் போகிறேன். நண்பரும் நானும் களனி கங்கையைக் கடந்து நீர்கொழும்பு வரை சென்று மீள்வோம். ஏறக்குறைய எழுபது கிலோமீற்றர். இதையே நீட்டி, கொட்டாஞ்சேனையிலிருந்து யாழ்ப்பாணம் வரை, ஏறக்குறைய 400 கிலோமீற்றர் தூரத்தை ஓட்டிவிடுவது என்று இருவரும் தீர்மானித்திருக்கிறோம். செய்தி ரொறன்ரோவிலிருக்கும் என் மகனுக்கு எட்டியது. "அப்பா, பஸ்ஸுக்குக் காசில்லையெண்டால் சொல்லுங்கோ, நான் அனுப்பிறன்" என்றான். நல்ல பிள்ளை. வறுமையைத் தவிர வேறொரு காரணத்தால் மனிதன் சைக்கிள் மிதிப்பான் என்பது அவன் கருத்தில் உதிக்கவில்லை.

ஆனால், இதே பிள்ளைகள் முதியோரின் வேறொரு நெடும்பயணத்தைத் தடுப்பதில்லை. தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் அடியார் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் நரைத்த தலைகள் எத்தனை என்று. முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு என்று கீழைக்கரையோரமாக இறங்கி, உகந்தையைக் கடந்து, யானையும் சிறுத்தையும் உலாவும் குமண, யால காடுகளினூடாக வாரக் கணக்கில் நடக்கிறார்கள். அவர்களைக் கும்பிட்டு வழியனுப்புகிறோம். வழியிற் பந்தலிட்டு மோர் வார்க்கிறோம். முருகன் பெயரால் நடந்தால் தவம். தன் மனத்தின் பெயரால் சைக்கிள் மிதித்தால் பிடிவாதம்! இரண்டையும் செய்வது அதே முழங்கால், அதே இதயம். அங்கே பொறுக்கத்தக்கதாய் இருக்கும் ஆபத்து இங்கே எங்ஙனம் பொறுக்கமுடியாததாகிறது என்பதை எனக்கு எவராவது விளக்கிச் சொன்னால் நன்றியுடையவனாவேன்.

முதியவரின் வழியை மறிப்பது நம் நாட்டுக்கு மட்டும் உரிய வழக்கமுமன்று. 1951ஆம் ஆண்டில் சுவீடன் தேசத்தின் வடகோடியிலுள்ள ஹப்பரண்டாவிலிருந்து தென்கோடியிலுள்ள யீஸ்ட்டாட் வரை ஒரு சைக்கிள் ஓட்டப் போட்டி நடத்தினார்கள். தூரம் 1,760 கிலோமீற்றருக்கு மேல். குஸ்தாவ் ஹோக்கன்சன் என்பவர் தம்மையும் சேர்த்துக்கொள்ளும்படி விண்ணப்பித்தார். அவருக்கு அப்போது 66ஆவது வயது நடந்துகொண்டிருந்தது. வயதெல்லை 40 என்று கூறி மறுத்துவிட்டார்கள். மனிதர் வாதாடவில்லை. தம் ஊரிலிருந்து போட்டி தொடங்குமிடம் வரை சைக்கிளிலேயே போனார். பூச்சியம் என்ற இலக்கத்தைத் தாமே தரித்துக்கொண்டு, மற்றவர்கள் புறப்பட்டபின் தாமும் புறப்பட்டார். நீண்ட வெண்தாடி காற்றிற் பறக்க அவர் போவதைக் காண வீதியோரங்களில் ஊர்கள் திரண்டன. 6 நாள் 14 மணித்தியாலம் 20 நிமிடத்தில் யீஸ்ட்டாட்டை அடைந்தார்; போட்டியாளர்கள் ஏறக்குறைய ஒரு முழு நாள் கழித்தே வந்து சேர்ந்தார்கள். நாட்டு மக்கள் அவரை 'உருக்குப் பாட்டன்' என்று அழைத்தார்கள். மன்னர் அவரைச் சந்தித்து உரையாடினார். பின்னரும் நெடுங்காலம் வாழ்ந்து, 1987ஆம் ஆண்டில் 101 வயதிற் காலமானார்.

அவர் மற்றவர்களினும் விரைவாக ஓட்டவில்லை என்று இதைக் குறைத்துப் பேசுவாரும் உளர். மெய்தான். போட்டியாளர்கள் குறித்த நிலையங்களிற் தங்கி உறங்கவேண்டும் என்பது விதி. விண்ணப்பம் மறுக்கப்பட்டவரை எந்த விதி கட்டும்? அவர்கள் உறங்கிய இரவுகளில் பாட்டன் மெல்ல மெல்ல மிதித்துக்கொண்டிருந்தார். நான் இங்கே வற்புறுத்த விரும்புவதும் அதுவே. முதுமை நம்மிடமிருந்து முதலில் வாங்கிக்கொள்வது விரைவை. தூரத்தை அது நெடுங்காலம் விட்டுவைக்கிறது. நம் தசைகளில் விரைந்து சுருங்கும் இழைகள், மெல்லச் சுருங்கும் இழைகள் என இருவகை உண்டு. வயது ஏற ஏற மிகுதியும் மெலிவன முன்னவை. நீடித்த உழைப்புக்குரிய பின்னவை அத்துணை விரைவில் மெலிவதில்லை. அன்றியும், சைக்கிளில் உடற்பாரத்தை ஆசனம் தாங்குகிறது. ஓடுவோனின் முழங்காலில் விழும் அடி மிதிப்போனின் முழங்காலில் விழுவதில்லை. பேரனோடு நூறு யார் ஓடிப் பார்க்கும் பாட்டன் தோற்பான், ஒருவேளை விழவும் செய்வான். அவனே அளவறிந்து மிதித்தால் நூறு கிலோமீற்றர் போய்விடுவான்.

பிரான்ஸ் தேசத்து ரொபேர் மார்ஷாங் என்பவரின் வரலாறு இதற்கு இன்னுமொரு சான்று. 1911இற் பிறந்த அவர் இளமையிற் சிறிது காலம் சைக்கிள் ஓட்டி, பின்னர் அதனைக் கைவிட்டு, பிழைப்புக்காகப் பல தேசங்களிற் பல தொழில்கள் செய்து, 67ஆவது வயதில் மீண்டும் அதற்குத் திரும்பினார். 2012இல், நூறு வயதில், ஒரு மணித்தியாலத்தில் 24.25 கிலோமீற்றர் ஓடினார். 2014இல், 102 வயதில், அதே ஒரு மணித்தியாலத்தில் 26.927 கிலோமீற்றர்! ஆண்டுக்கு 5,000 கிலோமீற்றர் பயிற்சி செய்தாரென்றும், இடைப்பட்ட காலத்தில் அவர் உடல் உட்கொள்ளவல்ல ஒட்சிசனின் உச்ச அளவு 13 வீதம் உயர்ந்ததென்றும் அவரைப் பரிசோதித்த அறிஞர்கள் எழுதியுள்ளார்கள். 105 வயதில் மூன்றாம் முறை ஓடியபோது தூரம் குறைந்தது. கடைசிப் பத்து நிமிடம் என்று காட்டிய பலகையைத் தாம் கவனிக்கவில்லை, கவனித்திருந்தால் இன்னும் விரைந்திருப்பேன் என்று குறைபட்டுக்கொண்டாராம்.

ஒரு மனிதரைக்கொண்டு ஊருக்கெல்லாம் விதி வகுக்கலாமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இலண்டன் கிங்ஸ் கல்லூரியைச் சேர்ந்த ஸ்டீபன் ஹரிட்ஜ், நோர்மன் லாசரஸ் முதலானோர் 55க்கும் 79க்கும் இடைப்பட்ட வயதினரான 125 நெடுந்தூரச் சைக்கிளோட்டிகளைப் பரிசோதித்தார்கள். ஆண்களாயின் 100 கிலோமீற்றரை ஆறரை மணித்தியாலத்துள்ளும், பெண்களாயின் 60 கிலோமீற்றரை ஐந்தரை மணித்தியாலத்துள்ளும் ஓடவல்லவர்களே சேர்க்கப்பட்டனர். 2015இலும் 2018இலும் வெளிவந்த முடிவுகள் வியப்பளிப்பன. முதுமையின் குறிகள் என்று நாம் எண்ணியிருந்த பல அவர்களிடம் காணப்படவில்லை. நோயெதிர்ப்புக் கலங்களைப் பக்குவப்படுத்தும் தைமஸ் என்னும் சுரப்பி அவர்களில் இளையோருக்கு நிகராகத் தொழிற்பட்டது. ஆயினும், புகைப்போரையும் மிகையாகக் குடிப்போரையும் உயர் குருதியமுக்கம் உடையோரையும் அவர்கள் தொடக்கத்திலேயே விலக்கிவிட்டார்கள். சைக்கிள் ஓட்டியதால் நலமாயிருந்தனரா, நலமாயிருந்ததால் ஓட்டினரா என்ற ஐயம் எனக்கு இன்னும் தீரவில்லை. லாசரஸ் தாமும் ஒரு நெடுந்தூரச் சைக்கிளோட்டி என்பதையும் நினைவிற் கொள்கிறேன். தம் பிள்ளையைத் தாமே புகழும் தந்தை சொல்வது பொய்யாகாதெனினும், ஒருமுறைக்கு இருமுறை கேட்பது நன்று.

நெடுந்தூரம் என்றதும் கொழும்பு வாசகருக்கு நினைவில் வரக்கூடிய பெயர் ஒன்றுண்டு. பாக்குநீரிணையை நீந்திய வல்வெட்டித்துறை ஆனந்தன், 1979ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் திகதி தொடக்கம் 10ஆம் திகதி வரை விகாரமகாதேவி பூங்காவைச் சுற்றி 187 மணித்தியாலமும் 28 நிமிடமும் இடைவிடாது சைக்கிள் ஓட்டினார். போற்றத்தக்க வீரம், ஆனால், அப்போது அவருக்கு 35 வயது. அவ்வகைச் சவால் நமக்குரியதன்று. உறக்கத்தை வெல்வதும் உடலைத் தண்டிப்பதும் இளைஞர் விளையாட்டு. உருக்குப் பாட்டனின் உறங்கா இரவுகளையும் நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். பாரிஸ் நகரிலிருந்து பிரெஸ்ட் துறைமுகம் சென்று மீளும் 1,200 கிலோமீற்றர்ப் பயணத்தின் இந்நாளைய விதியொன்றே எனக்கு உவப்பானது. 90 மணித்தியாலத்துள் முடித்தவர் அனைவரும் முடித்தவரே. முந்தி வந்தவருக்குப் பரிசில்லை.

இனி ஆபத்துகள். இருக்கின்றன; மறைப்பது அறமன்று. கொழும்பின் காற்று ஈரம் மிகுந்தது. வியர்வை வழியுமேயன்றி உலராது, உலராத வியர்வை உடலைக் குளிர்விக்காது. வயதானபின் தாகவுணர்ச்சி மங்கிவிடுகிறது. தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்கும் கிழவர் மயங்கி விழுந்த பின்னரே தண்ணீரைக் காண்பார். குருதியமுக்கத்துக்காகச் சலம் போக்கும் குளிசை எடுப்பவரும், நீரிழிவுக்கு இன்சுலின் ஏற்றுபவரும் வைத்தியரைக் கேளாமல் ஐம்பது கிலோமீற்றர் போதலும் தகாது. நாங்கள் நான்கு மணிக்குப் புறப்பட்டு, பத்து மணிக்குள் நிழலில் ஒதுங்கிவிடுவோம். அரை மணித்தியாலத்துக்கொரு தரம், தாகமிருந்தாலும் இல்லாவிட்டாலும், நீர் அருந்துவோம். உப்பிட்ட கஞ்சிக்கு நிகரான வழியுணவை நான் கண்டதில்லை. எலும்பைப் பற்றியும் ஒரு சொல். பல்லாண்டு சைக்கிள் மட்டுமே ஓட்டியவர்களின் முதுகெலும்பு அடர்த்தி குறைந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. பாரத்தை ஆசனம் தாங்குவதன் மறுபக்கம் இது. ஆகவே, படியேறுவதையும் சிறிது பாரம் தூக்குவதையும் விடலாகாது. என் தொடர்மாடியார் லிஃப்டை மறுத்ததில் இந்த ஒரு நன்மை உண்டு போலும்.

இவையனைத்தும் முதியவர் தம் கையாலே சீர்செய்யக் கூடியவை. அவர் கையில் இல்லாதது வீதி. 2022ஆம் ஆண்டில் எரிபொருளுக்காக வரிசைகள் நீண்ட மாதங்களில், இந்நகரம் சைக்கிளை ஒரு நொடி திரும்பிப் பார்த்தது. வங்கி அதிகாரியும் வைத்தியரும் காலி வீதியில் மிதித்தார்கள். எண்ணெய் வந்தது, மறந்துவிட்டது. இன்று அதே வீதியில் பஸ் வண்டியின் கொம்புக்கும் முச்சக்கர வண்டியின் மூக்குக்கும் இடையே ஒரு முழ இடத்தில் உயிரைப் பிடித்துக்கொண்டு போகவேண்டியிருக்கிறது. ஆபத்து அங்கேயிருக்க, அதனை நீக்குமாறு மாநகரசபையைக் கேளாமல், கிழவரின் திறப்பைப் பிடுங்கி ஒளித்துவைப்பது என்ன நியாயம்? பாரம் ஏற்றிய லொறி வளைவில் முந்தினால் லொறியைத்தானே கண்டிப்போம்?

எல்லா முதியவரும் சைக்கிளில் ஏறவேண்டும் என்று நான் வாதாடவில்லை. சாய்மனைக் கதிரையில் இன்பம் காண்போர் அதிலேயே இருக்கட்டும். பத்திரிகை படிக்க அதைப்போன்ற இடம் வேறில்லை. போக விரும்புகிறவரின் இதயத்தை வைத்தியர் பார்க்கட்டும், கண்ணைக் கண் வைத்தியர் பார்க்கட்டும். அவர்கள் ஆகாதென்றால் ஆகாது. ஆகுமென்று அவர்கள் சொன்னபின், தீர்மானம் அந்த முதியவருடையது. மகனுடையதன்று, மருமகளுடையதன்று, அயல்வீட்டாருடையது அன்றே அன்று. தொடர்மாடி கட்டுகிறவர்கள் நிலத்தளத்தில் ஓர் இரும்புச் சட்டம் நாட்டட்டும். ஒரு கார் நிற்குமிடத்தில் எட்டுச் சைக்கிள் நிற்கும்.

எங்கள் பயணத்துக்குச் சிலாபம், புத்தளம், அநுராதபுரம், வவுனியா, கிளிநொச்சி என ஐந்து இரவுத் தங்கல்கள் குறித்திருக்கிறோம். எந்த நாளும் எண்பது கிலோமீற்றருக்கு மேற்போகாது. பாதை பெரும்பாலும் சமதரை. கடுகண்ணாவை போன்ற ஏற்றம் ஏதுமில்லை. ஒரேயொரு வழக்கு இன்னும் தீரவில்லை. ஆனி மாதத்திற் போகலாம், சோளகம் முதுகிற் பிடித்துத் தள்ளும் என்கிறார் கொட்டாஞ்சேனை நண்பர். மாசியென்றால் வாடைக்காற்று முகத்தில் எதிர்க்கும் என்பதும் உண்மை. ஆனால், ஆனி வெயிலில் வவுனியாவுக்கு அப்பால் நிழலுக்கு எங்கே போவது? மாசியில் மாரி ஓய்ந்து, வன்னி வயல்களில் அறுவடை நடந்துகொண்டிருக்கும். காற்றின் கணக்கு அவர் பக்கம்; நான் மாசியென்றே நிற்கிறேன்.