இறுவட்டுக்களின் ஆயுள்

யாழ்ப்பாணத் தீவகத்து ஊரான அல்லைப்பிட்டியின் மண்ணுக்குள்ளிருந்து சீனத்து மட்கல ஓடுகள் வெளிப்பட்டதைத் தீவகத்தார் பலர் அறிவர். 1977 இல் ஜோன் கார்ஸ்வெல் அங்கு ஆய்வு நடத்தி, அவை வட சொங் அரசர் காலத்தவை, ஏறத்தாழ 900 ஆண்டுப் பழைமை உடையவை எனக் காட்டினார். 2018 இல் சாங்காய் அரும்பொருட் காட்சியகத்தின் ஆய்வாளர்களும் வந்து அகழ்ந்தனர். உப்புக் காற்றும் மாரி வெள்ளமும் ஒன்பது நூற்றாண்டுகள் கடந்துபோன மண்ணுக்குள் அவ்வோடுகள் கிடந்தன. எடுத்துக் கழுவிய அளவில் தம் காலத்தையும் தாம் பிறந்த நாட்டையும் சொல்லின. அதே ஊரில் 2004 ஆம் ஆண்டளவில் நடந்த ஒரு திருமணத்தின் இறுவட்டு இன்று வாய் திறக்குமா என்பதே நம் கவலை. பல வீடுகளில் அது திறக்காது.

அலுமாரியின் மேற்றட்டில், பிளாஸ்டிக் உறைக்குள், மணமக்களின் படம் அச்சிட்ட ஒட்டுத்தாளோடு அது இருக்கும். எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தால் ஊசி குத்தியது போன்ற ஒளிப்புள்ளிகள் தெரியும். ஒட்டுத்தாளின் ஓரம் கிளம்பிய இடத்தில் வெள்ளிப் பூச்சும் சேர்ந்து உரிந்திருக்கும். இயக்கினால், மாப்பிள்ளை அழைப்பு வரை படம் ஒழுங்காக ஓடும். தாலி கட்டும் வேளையிற் சதுரஞ் சதுரமாகச் சிதறி நின்றுவிடும். அந்தப் படத்தில் மட்டுமே இன்று நடமாடுகின்ற ஒரு பாட்டனாரோ பெரியதாயோ அந்தச் சதுரங்களுக்குள் அகப்பட்டுக் கொள்வர்.

இஃது எவருடைய கவனக்குறைவும் அன்று, பொருளின் இயல்பு. ஆலையில் அச்சிட்டுக் கடைக்கு வந்த திரைப்பட இறுவட்டில் தகவல் நுண்குழிகளாக வார்க்கப்பட்டிருக்கும். ஊர்ப் படப்பிடிப்பாளர் தம் கணினியிற் பதிந்து தந்த இறுவட்டில் அத்தகைய குழிகள் இல்லை. தட்டின்மேற் பூசிய சேதனச் சாயத்தை லேசர் ஒளி சுட்ட தடமே அங்குள்ளது. சாயம் என்றால் வெயிலில் வெளுப்பது. அதன்மேல் வெள்ளிப் பூச்சு. வெள்ளி என்றால் ஈரமும் கந்தகமும் கலந்த காற்றிற் கறுப்பது. அதற்கும் மேலே இருப்பது மெல்லிய மெருகுப் பூச்சு ஒன்றுதான். நம்மவர் பளபளக்கும் அடிப்புறத்தைக் கண்ணின் மணியாகக் காத்து, மேற்புறத்திற் பேனாவால் எழுதினர், தாள் ஒட்டினர். சீடியைப் பொறுத்தவரை உயிர் அந்த மேற்புறத்துக்குச் சற்றுக் கீழேதான் உள்ளது. டிவிடியில் அரை மில்லிமீற்றருக்குச் சற்று மேற்பட்ட இரு தட்டுக்களுக்கு நடுவே அது ஒட்டி அடைக்கப்பட்டிருப்பதால் கீறலுக்குத் தப்பும். ஆயின் பசை விட்டால் ஓரத்திலிருந்து கெடும்.

பதிவு செய்யும் இறுவட்டை ஜப்பானின் தையோ யூடன் நிறுவனம் 1988 இல் உருவாக்கியது. நூறாண்டு வாழும் என்று சொல்லி விற்றோரும் உண்டு. அந்த நூறாண்டு எந்த வீட்டுக்கு உரியது என்பதை அவர்கள் சொல்லவில்லை. இறுவட்டைப் பேணுவதற்கு ஐக்கிய அமெரிக்காவின் தேசிய தர, தொழினுட்ப நிறுவகம் 2003 இல் வகுத்த அளவு, 4 முதல் 20 பாகை செல்சியசு வெப்பமும் 20 முதல் 50 வீத ஈரப்பதனும் ஆகும். தீவகத்தில் அப்படியொரு நாள் விடிவதில்லை. கடலும் பரவைக் கடலும் சூழ்ந்த ஊரில், தகரக் கூரைக்குக் கீழே, மலிவு விலைத் தட்டுக்கு நூறாண்டு எதிர்பார்ப்பது பேதைமை.

இறுவட்டின் மரணத்தில் வஞ்சகம் ஒன்றும் உண்டு. எழுதும்போதே மிகைத் தகவலும் சேர்த்து எழுதப்படுவதால், சிறு பழுதுகளை வாசிக்கும் கருவி தானே கணக்கிட்டுத் திருத்திவிடும். பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. பழுது பெருகித் திருத்தும் எல்லையைக் கடந்த நாளில் அப்பகுதி முழுதும் ஒருங்கே போகும். ஆதலால், போன ஆண்டு நன்றாக ஓடியது என்பது நற்சான்று ஆகாது.

நாடாக்களின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. மின்சாரம் இல்லாத தொண்ணூறுகளில், மின்கலத்துக்கும் தடையிருந்த காலத்தில், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலியும் ஒலிநாடாவும் கேட்ட குடாநாட்டார் நாம். அக்காலத்து ஒலிநாடாக்களும் ஒளிநாடாக்களும் பல வீடுகளில் இன்றும் உள்ளன. இயக்கும் பொறிதான் இல்லை. வீ.எச்.எஸ். பொறியை இறுதிவரை செய்துவந்த ஃபுனாய் நிறுவனம் 2016 இல் அதனை நிறுத்தியது. காந்த நாடாக்களை இயக்கும் கருவிகள் 2025 அளவில் அருகிவிடும் என யுனெஸ்கோ 2019 இலேயே எச்சரித்தது. அந்த ஆண்டும் வந்துவிட்டது.

பொதுவான இந்தக் கேடு அல்லைப்பிட்டிக்குச் சிறப்பாக வலிப்பதற்குக் காரணம் உண்டு. 1990 இலும் 2006 இலும் அவ்வூர் போரினாற் குலைந்தது. 2006 மே 13 ஆம் நாளிரவு தீவகத்தில் 13 பொதுமக்கள் கொல்லப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலோர் அல்லைப்பிட்டியிற் கொல்லப்பட்டனர். அவ்வாண்டு ஆகஸ்டில் மக்கள் தஞ்சம் புகுந்த புனித பிலிப்புநேரியார் ஆலயம் எறிகணைக்கு இலக்காயிற்று. பங்குத்தந்தை ஜிம் பிறவுண் அடிகளார் அம்மாதம் 20 ஆம் நாள் காணாமற் போனார். 2006 இறுவட்டுக் காலத்தின் உச்சம். அக்காலத்துத் திருமணமும் திருவிழாவும் செத்தவீடும் பாடசாலை விழாவும் இறுவட்டிலேயே பதியப்பட்டன. ஓடும்போது ஒருவர் எடுத்தது, காணி உறுதியும் அடையாள அட்டையும். இறுவட்டு எடுத்தவர் சிலர். பாரிசுக்கோ ரொறன்ரோவுக்கோ முன்னரே ஒரு படி அனுப்பியவர் சிலர். காணாமற் போன மகனின் நடையையும் குரலையும் ஒரு தாய்க்குக் காட்டக்கூடியது, உலகில் எஞ்சியுள்ள அந்த ஒரு தட்டாகவே இருக்கலாம். இவ்வூர் பிறப்பித்த எழுத்தாளர் ஷோபாசக்தியின் நூல்கள் அச்சில் வாழும். எழுத்தாளர் வாய்க்காத வீடுகளுக்கு இறுவட்டே வரலாறு.

கடலுக்கு அப்பால் நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு உள்ளது. ஊராத்துறைக்கு வரும் அயல்நாட்டு வணிகருக்குப் பாதுகாப்பையும், யானை குதிரை ஏற்றி வரும் மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கும், பிற வணிகச் சரக்கு ஏற்றியது உடைந்தால் பாதியும் அரசுக்கு என்பதையும் அது விதிக்கிறது. கா. இந்திரபாலா 1963 இல் அதனை வாசித்து வெளியிட்டார். அவ்விதியைக் கல்லிலும் செம்பிலும் எழுதுவித்ததாக அக்கல்லே கூறுகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் மன்னன் ஒருவன், கல்லைக்கூடத் தனித்து நம்பாமல் இரண்டு பொருளில் எழுதுவித்தான்! நாமோ ஒரு குடும்பத்தின் முழு நினைவையும் ஒற்றைத் தட்டில் ஒப்படைத்தோம்.

ஏட்டுச்சுவடியை ஆண்டோரும் ஓலையின் ஆயுளை அறிந்தே ஆண்டனர். பூச்சி அரிக்கும் முன்பு படியெடுத்தனர். படியெடுக்காத நூல் அழிந்தது. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் அச்சேற்ற நொறுங்கும் ஏடுகளோடு மல்லுக்கட்டியதும் அதனாலேயே. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தபோது, வேறெங்கேனும் படியுள்ளவை மீண்டன. ஒரே படியாக அங்கிருந்தவை மீளவில்லை. அந்தப் பாடத்தைத் தீ கற்பித்தது. இப்போது தீயும் இல்லை, ஆரவாரமும் இல்லை. ஆதலால் எவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

செய்யத்தக்கது அரிதன்று. தட்டை மென்துணியால், நடுவிலிருந்து ஓரம் நோக்கி நேராகத் துடைத்து, இன்றே ஒருமுறை முழுவதும் படியெடுக்க வேண்டும். ஒரு வாசிப்பான் மறுத்த தட்டை மற்றொன்று வாசிப்பதுண்டு. ஒரு முறை தோற்றதும் எறிதல் தகாது. படியை இரண்டு வன்தட்டுக்களில், இரண்டு வீடுகளில், இயலுமாயின் இரண்டு நாடுகளில் வைக்க வேண்டும். வன்தட்டும் நிலையானது அன்று. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதியதற்கு மாற்ற வேண்டும். பென்டிரைவில் ஏற்றிவிட்டு மறந்திருப்போர், அதிலுள்ள மின்னூட்டமும் மெல்லக் கசியும் என்பதை அறிக. இணையக் களஞ்சியமோ, கட்டணம் செலுத்துபவர் கண் மூடிய பின் எத்தனை மாதம் கதவு திறந்திருக்கும் என்று எவரும் உறுதி தரார்.

2005 இல் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் வருத்தம் பாராது காத்து வருகின்றது. வீட்டு அலுமாரியை அது வந்து திறக்க இயலாது. அஃது ஊராரின் கடன். எல்லாவற்றையும் உலகின் முன் விரிக்க வேண்டும் என்பதும் நம் கருத்தன்று. செத்தவீட்டு அழுகையும் சாட்சியாளர் முகமும் உரியவர் விருப்பின்றி வெளிப்படலாகாது. முதலிற் காப்போம், எவர் காணலாம் என்பதை உரிய குடும்பம் தீர்மானிக்கட்டும்.

அல்லைப்பிட்டியிலும் மண்கும்பானிலும் வேலணையிலும் உள்ள சனசமூக நிலையங்கள், பாடசாலைகள், ஆலயங்கள் தம்மிடமுள்ள தட்டுக்களையும் நாடாக்களையும் பட்டியலிட்டு, ஊரிலுள்ள கணினி கற்ற இளையோரிடம் இவ்வாண்டே ஒப்படைக்குமாறு வேண்டுகிறோம். இன்றைய மடிக்கணினிகள் பெரும்பாலானவற்றில் இறுவட்டு வாயில் இல்லை. புலம்பெயர்ந்த உறவுகளே, விடுமுறைக்கு ஊர் வரும்போது வெளியிணைப்பு வாசிப்பான் ஒன்றும் வன்தட்டு இரண்டும் பெட்டியில் வைத்து வாருங்கள். உங்கள் வீட்டிலுள்ள படிகளையும் உடன் கொண்டு வாருங்கள்.