முற்றத்து வேம்பை நாம் அறிந்திருக்கிறோமா?

இடம்பெயர்ந்தபோது நீரிறைக்கும் இயந்திரத்தையும் மாடுகளையும் விதைநெல்லையும் விட்டுவிட்டே நாம் நடந்தோம். ஆனால் போய்ச் சேர்ந்த இடங்களிலெல்லாம் வேம்பு நின்றது. அதன் நிழலில்தான் எம்மில் பலர் முதலில் பாயை விரித்தோம். அம்மை கண்டவருக்கு அதன் குழையை வைத்தோம். பூவைப் பொறுக்கி வடகம் போட்டோம். இத்தனை நெருக்கமான மரத்தை நாம் சரியாக அறிந்திருக்கிறோமா?

வேம்பின் கசப்புக்குக் காரணமான பொருட்களை விஞ்ஞானிகள் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்துள்ளனர். 1942 இல் சலீமுஸ்ஸமான் சித்திக்கி வேப்பெண்ணெயிலிருந்து நிம்பின் என்பதைப் பிரித்தார். 1968 இல் இங்கிலாந்தில் விதையிலிருந்து அசாடிராக்டின் பிரிக்கப்பட்டது. கமக்காரருக்கு முக்கியமானது இதுவே. இது பூச்சியை உடனே கொல்வதில்லை. இலையைத் தின்னவிடாமல் தடுக்கிறது. புழு தோல் கழற்றி வளர்வதைக் குழப்புகிறது. ஆகவே தெளித்த மறுநாள் புழு சாகவில்லையே என்று கைவிடுவது தவறு.

அசாடிராக்டின் இலையிலும் பார்க்க விதைப் பருப்பிலேயே மிகுதியாக உண்டு. நிழலில் உலர்த்திய பருப்பை இடித்து, ஒரு லீற்றர் தண்ணீருக்கு 50 கிராம் வீதம் இரவு முழுவதும் ஊறவிட்டு, துணியில் வடித்து, சிறிது சவர்க்காரக் கரைசல் கலந்தால் தெளிப்பதற்குத் தயார். வெயில் இதன் வீரியத்தை விரைவில் அழித்துவிடும். எனவே மாலையில் தெளிப்பதே நல்லது. பூஞ்சணம் பிடித்த விதையும் பழைய விதையும் உதவா.

மருந்தென்று வரும்போது நாம் ஒன்றை வற்புறுத்த விரும்புகிறோம். வேப்பெண்ணெய் தோல் நோய்களுக்கு வெளியே பூசப்பட்டு வருவது உண்மையே. ஆனால் குழந்தைகளுக்கு அதைப் பருக்குவது ஆபத்தானது. வேப்பெண்ணெய் கொடுக்கப்பட்ட குழந்தைகள் வாந்தி, மயக்கம், வலிப்பு என்பவற்றுக்கு ஆளானதை 1981 இல் மலேசிய வைத்தியர்கள் வெளியிட்டனர். உயிரிழப்பும் நேர்ந்தது. இயற்கையானது என்பதால் ஒன்று தீங்கற்றதாகிவிடாது. தவறுதலாகக் குடித்துவிட்டால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும். நீரிழிவுக்கும் புற்றுநோய்க்கும் வேம்பே போதுமென்று சொல்பவரை நம்பி வைத்தியரின் மருந்தை நிறுத்துவதும் கூடாது.

வேப்பெண்ணெயால் பூஞ்சண நோயைக் கட்டுப்படுத்தும் முறைக்கு ஐரோப்பாவில் 1994 இல் காப்புரிமை வழங்கப்பட்டது. இது இந்தியக் கமக்காரர் முன்பே அறிந்தது என வாதிடப்பட்டு, 2000 இல் அது இரத்தானது. 2005 இல் மேன்முறையீடும் தள்ளுபடியானது. பிறர் உரிமை கோருமளவுக்குப் பெறுமதியுள்ள விதையை நாமோ முற்றத்தோடு கூட்டித் தள்ளுகிறோம்; பின்னர் கடன்பட்டு நஞ்சு வாங்குகிறோம்.

காணியை இழந்த எமக்கு மேலும் ஒரு கடன் வேண்டாம். அடுத்த முறை வேப்பம்பழம் உதிரும்போது பிள்ளைகளோடு பொறுக்குவோம், உலர்த்திச் சேமிப்போம். முதலில் ஒரு பாத்தி கத்தரியில் தெளித்துப் பார்ப்போம். பலனைக் கண்டபின் அயலவருக்கும் சொல்வோம்.